லாட்கெ: கிழங்கைப் பிழியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

உருளைக்கிழங்கைக் கையில் எடுத்ததும் எங்கள் பக்கத்துச் சமையலறைகளில் முதலில் அடுப்பில் ஏறுவது அவிக்கிற பானைதான். கட்லெட்டோ, ரோல்ஸோ, மசித்துத் தாளிக்கிற பிரட்டலோ, எல்லாவற்றுக்கும் கிழங்கை அவித்துத் தோலுரிப்பதுதான் தொடக்கம். லாட்கெக்கு அந்தப் பானையே வேண்டாம். பச்சைக் கிழங்கைத் துருவி, அதிலுள்ள தண்ணீரைப் பிழிந்தெடுத்து, வெங்காயமும் முட்டையும் சேர்த்து, ஆழமில்லாத எண்ணெயில் தட்டையாகப் பொரித்தெடுப்பது லாட்கெ. ஓரத்தில் நூல் நூலாக மொறுமொறுத்து, நடுவில் மெத்தென்று கிழங்கு வாசத்தோடு இருக்க வேண்டும். அவித்த கிழங்கில் செய்தால் எவ்வளவு ருசியாக வந்தாலும் அது கட்லெட் குடும்பத்தில்தான் சேரும்.

போலந்து, லித்துவேனியா, உக்ரைன் பக்கங்களில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்களின் பலகாரம் இது. லாட்கெ என்பது அவர்கள் பேசிய யிடிஷ் மொழிச் சொல். எபிரேயத்தில் லெவிவோத் என்பார்கள். ஹனுக்கா என்ற எட்டு நாள் விளக்குப் பண்டிகையில்தான் இது வீட்டுக்கு வீடு பொரியும். செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்த, யூதப் போராளிகளான மக்கபேயர்கள் போராடி அதை மீட்டு, கி.மு. 164 இல் மறுபடி அர்ப்பணம் செய்தார்கள். அப்போது ஆலய விளக்குக்குத் தூய்மை கெடாத ஒலிவ எண்ணெய் ஒரு நாளைக்குப் போதுமான அளவுதான் கிடைத்தது என்றும், அது எட்டு நாள் எரிந்தது என்றும் யூதர்களின் பழைய சமய நூலான தல்மூத் சொல்கிறது. அதனால்தான் அந்த நாட்களில் எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடுகிறார்கள். ஆகவே லாட்கெயில் பெரியது எண்ணெய்தான், கிழங்கு அதற்குப் பின்னால் வந்தது. தென் அமெரிக்காவின் மலைகளிலிருந்து வந்த உருளைக்கிழங்கு கிழக்கு ஐரோப்பாவில் ஏழைகளின் அன்றாட உணவாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் பாற்கட்டியிலும் வேறு தானிய மாவிலும் இப்படிப்பட்ட அடைகளைச் செய்திருக்கிறார்கள்.

ஹனுக்கா யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25 இல் தொடங்கும். எங்கள் கணக்குக்கு நவம்பர் கடைசிக்கும் டிசெம்பர் கடைசிக்கும் இடையில் வரும். 2026 இல் டிசெம்பர் 4 பொழுதுபட ஆரம்பிக்கிறது. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் வாழைக்குற்றி நட்டுத் தீபம் வைக்கிற அதே மாரிகாலம். முதல் நாள் ஒரு விளக்கு, அடுத்த நாள் இரண்டு என்று எட்டாம் நாள் எட்டு விளக்கு எரியும். விளக்கு எரிகிற முதல் அரைமணி நேரமாவது பெண்கள் வேலை செய்வதில்லை என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. நல்ல வழக்கம். பொரிக்கிற நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

இனி வேலைக்கு வருவோம். நான்கைந்து பேருக்கு, ஏறக்குறைய 20 லாட்கெக்கு வேண்டியவை இவை: உருளைக்கிழங்கு 1 கிலோ, நடுத்தரப் பம்பாய் வெங்காயம் ஒன்று (150 முதல் 180 கிராம்), முட்டை 2, கோதுமை மா 3 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி. பொரிக்க எண்ணெய் அரை லீற்றர் கையிருப்பில் இருக்கட்டும், முழுவதும் செலவாகாது. கோதுமை மாவுக்குப் பதிலாக அங்கே மட்சா என்ற புளிக்காத அப்பத்தைப் பொடித்துச் சேர்ப்பதும் உண்டு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மட்சாவுக்கு எங்கே போவது? கிறீம் கிறக்கர் பிஸ்கற்றை நைசாகப் பொடித்து அதே 3 மேசைக்கரண்டி போட்டால் அந்தத் தன்மை வந்துவிடும். அதில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் உப்பில் கால் தேக்கரண்டியைக் குறையுங்கள்.

கிழங்கைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். மாப்பிடிப்பான, முற்றிய கிழங்கு நல்லது. எந்தக் கிழங்கிலும் ஐந்தில் நான்கு பங்கு கிட்டத்தட்டத் தண்ணீர்தான். மிச்சத்தில் பெரும் பகுதியான மாச்சத்துத்தான் லாட்கெயைக் கட்டிப் பிடிப்பதும் மொறுமொறுக்க வைப்பதும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் நவம்பர், டிசெம்பரில் நட்ட கிழங்கு பெப்ரவரி, மார்ச்சில்தான் கிண்டுவார்கள். ஆகவே ஹனுக்கா நேரத்தில் வன்னிக் கடைகளில் கிடைப்பது நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கும் வெளிநாட்டிலிருந்து வந்த கிழங்கும். விரலால் உரசத் தோல் உரிந்து வருகிற இளங்கிழங்கு கறிக்கு அருமை, இதற்குச் சரிவராது. பெப்ரவரியில் புதுக் கிழங்கு வாங்கிச் செய்ய விரும்பினால் இரண்டு கிழமை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் பரப்பி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கிழங்கு மாப்பிடிப்பானதா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. 11 கோப்பை தண்ணீரில் 1 கோப்பை உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். தாழ்ந்தால் மாப்பிடிப்பு, மிதந்தால் தண்ணீர்க் கிழங்கு. விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதரைப் பிரிக்கிற அதே கணக்கு. எல்லாமே மிதக்கிற மாதிரியான கிழங்குதான் கிடைத்தது என்றால் கைவிடத் தேவையில்லை, மா அளவை ஒரு மேசைக்கரண்டியால் கூட்டிக்கொள்ளலாம்.

பிறிஜ்ஜில் நாட்கணக்காக இருந்த கிழங்கை எடுக்க வேண்டாம். குளிரில் மாச்சத்துச் சீனியாக மாறும். பொரிக்கும்போது உள்ளே வேகுமுன் வெளியே கறுத்து, கசப்புத் தட்டும். பச்சை பிடித்த கிழங்கையும் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பச்சை இருக்கிற இடத்தில் சொலனின் என்ற நச்சுப் பொருளும் கூடியிருக்கும். பொரிப்பதால் அது போகாது.

தோல் சீவிய முழுக் கிழங்கைத் தண்ணீரில் போட்டு வைக்கலாம், கறுக்காது. துருவிய பிறகு தண்ணீர் காட்டவே கூடாது. சிப்ஸ் பொரிக்கிறவர்கள் வெட்டிய கிழங்கை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவார்கள். அந்தப் பழக்கத்தில் இதையும் அலசினால் கட்டிப் பிடிக்க வேண்டிய மா முழுவதும் கழுவுதொட்டியில் போய்விடும்.

துருவுவதற்குக் கரட் துருவியின் பெரிய கண் போதும். கிழங்கை நெடுக்காகப் பிடித்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இழுத்தால் நீளமான நூல் வரும். நீள நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், குட்டைத் துண்டுகள் உதிரும். லித்துவேனியப் பக்கத்துப் பழைய முறையில் சிறிய முள்ளுக் கண்ணில் கூழாகத் துருவுவார்கள். அது உள்ளே மிருதுவாக, அடை மாதிரி வரும். பெரிய கண்ணில் முக்கால் பங்கும் சிறிய கண்ணில் கால் பங்கும் துருவிக் கலந்தால் நூலும் இருக்கும், இடைவெளியை நிரப்பக் கூழும் இருக்கும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு இந்தக் கலப்புத்தான் பாதுகாப்பானது. பிளெண்டரில் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கத்தி கிழங்கின் கலங்களை எல்லாம் நொறுக்கிப் பசையாக்கிவிடும். பொரித்தால் இறப்பர் மாதிரி இழுபடும்.

வெங்காயத்தைக் கடைசியில் துருவாமல் இடையிடையே துருவுங்கள். இரண்டு கிழங்குக்குக் கால் வெங்காயம் என்று மாறி மாறித் துருவிக் கலந்துகொண்டே போனால், வெங்காயச் சாற்றிலுள்ள கந்தகப் பொருட்கள் கிழங்கு நிறம் மாறுவதை மட்டுப்படுத்தும். பச்சைக் கிழங்கு காற்றுப் பட்டால் முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு சாம்பல் நிறத்துக்குப் போகும். உடல்நலத்துக்கு அது கெடுதல் இல்லை, பொரித்தால் பாதி மறைந்தும் விடும். ஆனாலும் பார்வைக்கு நன்றாயிராது. பம்பாய் வெங்காயம் இல்லையென்றால் சின்ன வெங்காயம் 12 முதல் 15 வரை பொடியாக அரிந்து போடுங்கள். காரம் கொஞ்சம் கூடும், தண்ணீர் குறையும். இந்தப் பலகாரத்துக்கு அது நட்டமில்லை.

பிழிவதுதான் இந்தப் பலகாரத்தின் உயிர். லாட்கெ சரிவராத பத்துச் சட்டிகளைப் பார்த்தால் எட்டில் காரணம் தண்ணீராகத்தான் இருக்கும். ஈரக் கிழங்கை எண்ணெயில் போட்டால் எண்ணெயின் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். எண்ணெய் ஆறும். ஆறிய எண்ணெயில் மேற்பரப்புப் பொருக்குக் கட்டாது. பொருக்கு இல்லாத இடத்தால் எண்ணெய் உள்ளே ஊறும். கடைசியில் கையில் கிடைப்பது எண்ணெய் குடித்த, வெளிறிய, அவிந்த கிழங்குக் களி. மாவைக் கூடப் போட்டு ஈரத்தை உறிஞ்ச வைப்போம் என்று நினைத்தால் மா ரொட்டிதான் வரும்.

துவைத்த பருத்தித் துணி ஒன்றை எடுங்கள். பழைய வேட்டித் துண்டு நன்றாக இருக்கும். சவர்க்கார வாசம் இல்லாமல் வெந்நீரில் அலசி, இறுக்கிப் பிழிந்துகொள்ளுங்கள். துருவலில் மூன்றில் ஒரு பங்கை நடுவில் வைத்து, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, முறுக்கிக்கொண்டே போங்கள். கீழே ஒரு வெள்ளைப் பாத்திரம் வையுங்கள், ஏன் வெள்ளை என்று பிறகு தெரியும். முதல் முறுக்கில் தண்ணீர் ஓடும். நிறுத்தி, முடிச்சை அவிழ்த்து, கிழங்கைக் கையால் உதிர்த்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். இரண்டாம் முறையும் நிறைய வரும். மூன்றாம் முறை சொட்டுச் சொட்டாக வந்தால் போதும். ஒரு கிலோவில் ஒரு பெரிய தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர் சாதாரணமாக வரும். அரைக் கோப்பையில் நின்றுவிட்டது என்றால் இன்னும் பிழியக் கிடக்கிறது என்று அர்த்தம். முழுக் கிலோவையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எவ்வளவு பலமான கையும் நடுவிலிருக்கிற ஈரத்தை எடுக்காது. அதனால்தான் மூன்று பங்கு.

பிழிந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆடாமல் அசையாமல் வையுங்கள். மேலே கலங்கிய பழுப்புத் தண்ணீர் நிற்க, அடியில் வெண்ணிறமாய் மா படியும். கூவைக்கிழங்கு மா எடுத்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மேல் தண்ணீரை மெதுவாகச் சரித்து ஊற்றினால் அடியில் ஒன்றரை இரண்டு மேசைக்கரண்டி மா, கரண்டியால் சுரண்ட வேண்டிய இறுக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பாத்திரத்தில் மேல் தண்ணீர் எங்கே முடிகிறது, மா எங்கே தொடங்குகிறது என்று சரிக்கும்போது தெளிவாகத் தெரியும். மா சேர்ந்து ஓடத் தொடங்கும் முன் நிறுத்தலாம். இந்த மாவைச் சுரண்டித் திரும்பவும் துருவலில் சேருங்கள். கடையில் வாங்குகிற எந்த மாவும் இதற்கு ஈடாகாது. சூடு 60, 70 பாகையைத் தாண்டும்போது இது ஈரத்தை இழுத்துப் பசையாகி நூல்களை ஒட்ட வைக்கும். மேற்பரப்பில் காய்ந்து கண்ணாடி மாதிரி மொறுமொறுக்கும். தண்ணீரை எடுத்துவிட்டு மாவைத் திருப்பிக் கொடுப்பது, லாட்கெயின் நுட்பம் எல்லாம் இந்த ஒன்றில் அடக்கம்.

அடுத்தது சேர்மானம். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கோப்பையில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். யூத வீடுகளில் இரத்தப் பொட்டு இருந்தால் அந்த முட்டையை விலக்குவார்கள், அதற்காகவே தனியாக உடைக்கிறார்கள். கூழ்முட்டை ஒன்று முழுச் சேர்மானத்தையும் கெடுக்காமல் இருக்க எங்களுக்கும் அந்தப் பழக்கம் நல்லது. முட்டையை அடித்து, மா, மிளகுதூளோடு துருவலில் போட்டு விரல்களால் தளர்வாகப் பிரட்டுங்கள். ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரிப் பிசையக் கூடாது. கையில் அள்ளினால் சேர்ந்து நிற்க வேண்டும், ஆனால் உருண்டையாக இறுகக் கூடாது.

உப்பு கடைசி. எண்ணெய் காய்ந்த பிறகு, முதல் கரண்டி போடுவதற்குச் சற்று முன் சேருங்கள். உப்புப் பட்டதும் கிழங்கு மறுபடி தண்ணீர் விடத் தொடங்கும். பத்து நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் குளம் கட்டும். இன்னும் சிறந்த வழி, சேர்மானத்தை இரண்டாகப் பிரித்து, முதல் பாதி பொரிந்த பிறகே இரண்டாம் பாதிக்கு உப்புப் போடுவது. எப்படியும் கடைசி நேரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊறத்தான் செய்யும். பாத்திரத்தைச் சாய்த்து வைத்து, ஊறியதை ஒரு பக்கம் ஒதுங்க விட்டு, ஒவ்வொரு கரண்டி அள்ளும்போதும் பாத்திரத்தின் விளிம்பில் அழுத்தி வடித்துவிட்டு எண்ணெயில் விடுங்கள்.

பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் போடக் கை துடிக்கும். போடாமல் ஒரு தடவையாவது செய்து பாருங்கள். கிழங்கு, வெங்காயம், மிளகு, உப்பு, எண்ணெய் என்ற ஐந்து ருசி மட்டும் இருக்கும்போதுதான் கிழங்கு பொரிந்த இனிப்பு நாக்குக்குத் தெரியும். மசாலா சேர்ந்தால் அது வடைக்கும் கட்லெட்டுக்கும் நடுவில் போய் நிற்கும். உறைப்பு இல்லாமல் இறங்காது என்கிறவர்களுக்குக் கட்டைச் சம்பலைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள்.

சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழிந்த தாச்சியில் எண்ணெய் நடுவில் தேங்கும். தட்டையாக விட்டது கிண்ணம் மாதிரி வளைந்து, நடு கருகி, ஓரம் வேகாமல் நிற்கும். தோசைக்கல்லுக்குக் கரை இல்லை, எண்ணெய் வழிந்து நெருப்பில் விழும், ஆபத்து. தட்டை அடியும் ஐந்து சென்ரிமீற்றர் கரையும் உள்ள கனமான பொரிசட்டி வேண்டும். வார்ப்பு இரும்பு என்றால் மிக நல்லது, சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய அலுமினியச் சட்டி ஒவ்வொரு ஈட்டுக்கும் ஆறிப்போகும். தாச்சி மட்டும்தான் இருக்கிறது என்றால் எண்ணெயைக் கூட ஊற்றி, சிறிதாக, ஒன்று இரண்டாகப் பொரியுங்கள்.

எண்ணெய் சட்டியில் ஏழு எட்டு மில்லிமீற்றர் நிற்க வேண்டும். 25 சென்ரிமீற்றர் சட்டிக்கு 350 மில்லிலீற்றர் அளவு. போட்ட லாட்கெயின் பாதி உயரமாவது எண்ணெயில் முழுக வேண்டும். எண்ணெயை மிச்சம் பிடித்தால் விளிம்பு வெளிறும், நடு மட்டும் சிவக்கும். ஆலையில் ஆட்டிய தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வாசமானவை, ஆனால் 175 பாகையை அண்மிக்கும்போது புகையத் தொடங்கும். எங்களுக்கு வேண்டிய சூடு 175 முதல் 190 வரை. ஆகவே சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் அல்லது சோயா எண்ணெய் பொருத்தம். சுத்திகரித்த தேங்காய் எண்ணெயும் தாங்கும். கிழக்கு ஐரோப்பாவின் குளிரில் ஒலிவ எண்ணெய் எங்கே கிடைக்கும்? அங்கே வாத்துக் கொழுப்பை உருக்கி, ஷ்மால்ட்ஸ் என்று வைத்து, அதில் பொரித்தார்கள். மீன் பொரித்த எண்ணெயை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். கிழங்கு வாசத்தைச் சுலபமாகப் பிடிக்கும்.

சூடு சரியா என்று பார்க்க, துருவலில் ஒரு நூலைப் போடுங்கள். போட்டவுடனே சுற்றிலும் குமிழி கட்டிச் சலசலத்து, அரை நிமிடத்துக்குமேல் எடுத்துப் பொன்னிறமானால் சரி. அடியில் போய்ச் சும்மா கிடந்தால் காயவில்லை. போட்டதும் பழுப்பானால் சூடு கூடிவிட்டது. அகப்பைக் காம்பின் நுனியை எண்ணெயில் வைத்தாலும் சுற்றிக் குமிழி வரும். காம்பு ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

காஸ் அடுப்பில் மிதமான தீக்குச் சற்று மேலே வைத்தால் ஓரளவு நிலையாக நிற்கும். விறகடுப்பில் இது வேறு வித்தை. தென்னம்பாளையும் பனை மட்டையும் சட்டென்று எரிந்து சட்டென்று அடங்கும். தேத்தண்ணிக்கு நல்லது, பொரியலுக்குச் சூடு ஏறி இறங்கும். காய்ந்த வேம்பு, பாலை போன்ற வைர விறகு எரிந்து தணல் கட்டிய பிறகு பொரிக்கத் தொடங்குங்கள். தணல்தான் அடிச்சூடு, மேலுக்கு ஒரு சிறு கொள்ளி எரிந்தால் போதும். ஈடு போட்டதும் கொள்ளியை உள்ளே தள்ளுங்கள், ஏனென்றால் அந்த நேரம் எண்ணெய் ஆறும். திருப்பிப் போட்ட பிறகு வெளியே இழுங்கள். மாரியில் விறகு நனைந்திருந்தால் முதல் நாளே அடுப்புக்குமேல் பரணில் போட்டு உலர்த்துங்கள். ஈர விறகின் புகை பொரியலில் ஏறும்.

இரண்டு மேசைக்கரண்டி அளவு அள்ளி, வடித்து, எண்ணெயில் மெதுவாக வழுக்கி விடுங்கள். கரண்டியின் முதுகால் அழுத்தி எட்டுச் சென்ரிமீற்றர் அகலம், ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட தடிப்புக்குப் பரப்புங்கள். விளிம்பை வட்டமாகத் திருத்த வேண்டாம். பிசிறாக நிற்கிற நூல்கள்தான் முதலில் மொறுமொறுக்கும், பிள்ளைகள் உடைத்துத் தின்பதும் அதைத்தான். 25 சென்ரிமீற்றர் சட்டியில் ஒரே நேரத்தில் நாலுக்குமேல் போட்டால் எண்ணெய் ஆறி எல்லாம் கெடும்.

போட்டதும் கிளறாதீர்கள். மூன்று முதல் நாலு நிமிடம். விளிம்பு செம்பொன் நிறமாகி, தட்டகப்பையை உள்ளே விட்டால் தானாகக் கழன்று வரும்போது திருப்புங்கள். ஒட்டிப் பிடித்தால் இன்னும் பொருக்குக் கட்டவில்லை, அரை நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால்தான் இரண்டாக உடையும். உங்கள் பக்கத்துக்கு எண்ணெய் தெறிக்காமல் எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். மற்றப் பக்கம் மூன்று நிமிடம். ஒரு தடவை திருப்பினால் போதும்.

முதல் ஈட்டில் ஒன்றை மட்டும் பொரித்து, உடைத்து, ருசி பாருங்கள். உள்ளே நறுக்கென்று பச்சையாக இருந்தால் தடிப்புக் கூட, அல்லது தீ கூட. உதிர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி மா சேருங்கள், அதற்கும் கேட்காவிட்டால் பிழிந்தது போதவில்லை. இறுக்கமாக ரொட்டி மாதிரி இருந்தால் மா கூடிவிட்டது. இன்னும் இரண்டு கிழங்கைத் துருவிப் பிழிந்து சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஈட்டுக்கு ஈடு உதிர்ந்த நூல்களைக் கண்ணகப்பையால் அள்ளிவிடுங்கள். கிடந்தால் கருகி, அடுத்த ஈட்டில் கறுப்புப் பொட்டாக ஒட்டும். எண்ணெய் குறைந்தால் இரண்டு ஈட்டுக்கு நடுவில் ஊற்றி, காய விட்டுத்தான் தொடர வேண்டும்.

எடுத்ததை எங்கே வைப்பது? கடதாசியில் அடுக்கினால் எண்ணெயை உறிஞ்சும், ஆனால் அடிப்பக்கம் ஆவியில் நனைந்து தொய்யும். எங்கள் வீடுகளில் இதற்கு அருமையான சாமான் ஒன்று இருக்கிறது, இடியப்பத் தட்டு. பிரம்பில் பின்னிய தட்டைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் ஒற்றை அடுக்காக வையுங்கள். கீழேயும் காற்றுப் போகும், இரண்டு பக்கமும் மொறுமொறுப்பு நிற்கும். பிளாஸ்ரிக் தட்டு வேண்டாம், சூட்டில் இளகும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் அத்தனை உழைப்பும் வீண். மாரிக்காற்றின் ஈரத்துக்கு இது இன்னும் விரைவாகத் தொய்யும். ஆகவே சாப்பிடுகிறவர்களை முதலில் இருத்திவிட்டுப் பொரிப்பதே முறை.

முட்டை சேர்க்காத விரத நாட்களில், அதுவும் விளக்கீடும் பிள்ளையார் பெருங்கதையும் வருகிற மாதங்களில், சைவமாகவும் செய்யலாம். கிலோவில் 100 கிராம் கிழங்கை மட்டும் எடுத்து அவித்து, கட்டியில்லாமல் மசித்து, ஆறவைத்துச் சேருங்கள். கோதுமை மாவோடு ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவும் போடுங்கள். அவித்த கிழங்கு முட்டையின் வேலையைச் செய்யும், அரிசிமா மொறுமொறுப்பைக் கூட்டும். இது சற்று மென்மையானது, ஆகவே ஆறு சென்ரிமீற்றர் அகலத்துக்குமேல் போகாதீர்கள். முதல் பக்கத்துக்கு ஒரு நிமிடம் கூடக் கொடுங்கள்.

தொட்டுக்கொள்ள இரண்டு உண்டு. ஒன்று புளித்த பாலாடை, மற்றது அப்பிள் களி. யூதர்களின் உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது. வாத்துக் கொழுப்பில் பொரித்த லாட்கெயோடு பாலாடை சாப்பிட முடியாது என்பதால் அப்பிள் களி பக்கத்துணையாக இருந்தது. புளித்த பாலாடைக்கு வன்னியில் குறையே இல்லை. சட்டியில் உறைந்த எருமைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி, பிறிஜ்ஜுக்குள் மூன்று நாலு மணி நேரம் தொங்கவிட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அடித்தால் கரண்டியில் நிற்கும் பதத்துக்கு வரும். எருமைப்பாலின் கொழுப்பு இந்த இடத்தில் கைகொடுக்கும். அப்பிளுக்கு மூன்று பழத்தைத் தோல் சீவி அரிந்து, அரைக் கோப்பை தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சீனி, அரைத் தேசிக்காய்ப் புளியோடு 15 நிமிடம் மூடி அவித்து மசியுங்கள். கடைகளில் கிடைக்கும் அப்பிள் வெறும் இனிப்பாக இருப்பதால் தேசிப்புளி கட்டாயம். விளாம்பழமும் சீனியும் குழைத்து வைக்கலாம் என்று தோன்றும். ருசிதான், ஆனால் விளாவின் வாசம் கிழங்கை அமுக்கிவிடும்.

வத்தாளங்கிழங்கில் செய்தால் சீனி கூட என்பதால் விரைவில் கருகும், தீயைக் குறைத்து 160 பாகை அளவில் பொரியுங்கள். மரவள்ளியும் நன்றாக வரும், மா நிறைய உள்ள கிழங்கு அது. அன்றைக்குக் கிண்டிய, நீலக்கோடு ஓடாத, கசக்காத கிழங்காக இருக்க வேண்டும். பிழிந்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், நச்சுத்தன்மை அதில்தான் இறங்கும். மெல்லியதாகத் தட்டி உள்ளே முழுவதும் வேகும்படி பொரிக்க வேண்டும்.

பொரிக்க நேரமில்லாதவர்கள் இதே சேர்மானத்தை, 4 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிச் சூடாக்கிய தட்டில் பரப்பி, அவணில் 190 பாகையில் ஒரு மணி நேரம் வேகவிட்டால் அது குகெல் என்ற வேறொரு யூதப் பலகாரம். மிஞ்சிய லாட்கெயைப் பிறிஜ்ஜில் வைத்து, மறுநாள் எண்ணெய் விடாத தோசைக்கல்லில் குறைந்த தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு முக்கால்வாசி திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் துணி மாதிரித் தொய்யும். மிஞ்சுகிற பச்சைச் சேர்மானத்தை மட்டும் அடுத்த நாளுக்கு வைக்க முடியாது, காலையில் பார்த்தால் கறுத்த தண்ணீரில் மிதக்கும். எல்லாவற்றையும் அன்றைக்கே பொரித்துவிடுங்கள்.